போர்க்கால யாழ்ப்பாணத்தின் பெரிய குடும்பங்கள்

1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் எனப் பல பொருள்கள் பொருளாதாரத் தடைக்குள் சிக்கின. ஆறேழு பிள்ளைகள் உள்ள வீடுகள் அன்று அங்கே அரிதல்ல. அவ்வீடுகளில் தட்டுப்பாட்டின் பாரம் மூத்த பிள்ளைகள் மீதே அதிகம் இறங்கியது. அவ்வீடுகளிலிருந்து வருவோர் பட்டம் பெறும் மேடையில் எடுத்துச்சொல்ல வேண்டியதும் அதுவே.

இரவுப் படிப்பைக் காத்தது ஜாம்போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, பழைய சைக்கிள் வால்வுக்கட்டையில் திரியைக் கோத்து நிறுத்துவார்கள். போத்தலே காற்றுக்கு மறைப்பு. அரிக்கன் லாம்பைவிட எண்ணெய் மிகக் குறைவாகச் செல்லும். சோதனைக்குப் படிப்பவருக்கு விளக்கடியில் இடம். சின்னவர்கள் வெளிச்சம் எட்டுமிடத்தில் பாய் விரிப்பார்கள். மூத்த அக்கா அடுப்படி வேலை முடித்து, தம்பி தங்கைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிறகே தன் கொப்பியைத் திறப்பாள். அதற்குள் எண்ணெய் வற்றிவிடுவதும் உண்டு.

வானொலிக்குப் பற்றரி இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்து, டைனமோ மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டார்கள். செய்தி முடியும்வரை அண்ணன்மார் முறைவைத்து மிதித்தார்கள். முற்றத்தில் பங்கர் வெட்டிப் பனங்குற்றி அடுக்கியவர்களும் அவர்களே. பொம்பர் இரைந்தால் யார் எந்தக் குழந்தையைத் தூக்குவது என்பது முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டிருக்கும்.

போர் நெருங்கியதால் 1995 ஒக்ரோபர் 30 அன்று குடாநாட்டின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது. லட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலம் வழியாகத் தென்மராட்சிப் பகுதிக்கு நடந்தனர். ஆச்சி சைக்கிள் கரியரில், கடைக்குட்டி முன் பாரில், சான்றிதழ்கள் பொலித்தீன் பைக்குள். அந்த நெரிசலில் ஒரு பிள்ளையின் கை நழுவினால் இருட்டில் தேட வழியில்லை.

மூத்தவர்கள் பலர் படிப்பை இடையில் விட்டனர். சிலர் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போய்த் திரும்பவில்லை. சிலர் கடன்பட்டுக் கனடாவுக்கும் சுவிசுக்கும் பிரான்சுக்கும் போய், உணவகச் சமையலறைகளில் உழைத்துப் பணம் அனுப்பினர். தம்பி தங்கைகள் பலர் அந்தப் பணத்தில் படித்து முடித்தார்கள். பட்டத்தைத் தனியொருவரின் சாதனை என்று சொல்வது இந்த வரலாற்றுக்குமுன் நிற்காது.

படை நகர்வுகளும் பேச்சுவார்த்தைகளும் நூல்களில் விரிவாகப் பதிவாகியிருக்கின்றன. அக்காமாரும் அண்ணன்மாரும் வீட்டைத் தாங்கிய கதை அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அவர்களில் பலர் ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். பட்டதாரிகள் தத்தம் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு, ஊரும் ஆண்டும் குறித்து, அதை இந்த ஆண்டே எழுதத் தொடங்க வேண்டும்.