படம் சுருங்கும்போது



கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த தலம். சோழ இளவரசன் இராசாதித்தன் பெயரால் இராசாதித்தபுரம் என்றும் ஒரு காலத்தில் வழங்கிற்று. புகழில் பெரிதாயினும் பரப்பில் இது சிற்றூரே. தேசப்படம் வரைபவனுக்கு இத்தகைய ஊர்களால் நேரும் சங்கடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1:50,000 அளவில் வரைந்த படத்தில் ஒரு கிலோமீட்டர் நிலம் 2 சென்டிமீட்டராக அமையும். அங்கே ஊருக்கும், ஏரிக்கும், அருகே ஓடும் கெடிலத்தின் வளைவுகளுக்கும் இடமுண்டு. அதையே 1:2,50,000 அளவுக்குச் சுருக்கினால், முன்பு 25 சதுர சென்டிமீட்டரில் பரவியிருந்தவை ஒரே சதுர சென்டிமீட்டரில் அடங்கவேண்டும். எழுத்தையோ அந்த விகிதத்தில் குறைக்க முடியாது. படிப்பவர் கண்ணும் கூடவே கூர்மையாகிவிடுவதில்லை அன்றோ? ஆகவே சிலவற்றை விட்டே தீரவேண்டும்.

எத்தனையை விடுவது என்பதற்கு ஜெர்மானிய அறிஞர் டோப்பர் ஒரு கணக்கு வகுத்தார். அவர் சூத்திரப்படி, மேற்சொன்ன சுருக்கத்தில் 100 பொருள்களுக்குச் சுமார் 45 மட்டுமே எஞ்சும். ஆனால் எந்த 45 என்று அச்சூத்திரம் சொல்லாது. முற்காலத்தில் படம் வரைபவர் தம் அறிவைக்கொண்டு அதனை முடிவு செய்தார். இன்று அவ்வேலை கணிப்பொறியிடம் போய்க்கொண்டிருக்கிறது. நெதர்லாந்து நாட்டு நில அளவைத் துறை 2013இல் தன் 1:50,000 படத்தை, விரிவான படத்திலிருந்து முழுவதும் பொறியைக் கொண்டே சுருக்கி வெளியிட்டது. மக்கள்தொகையை மட்டும் பார்க்கும்படி பொறிக்குக் கட்டளையிட்டால் உளுந்தூர்பேட்டை நிற்கும், திருநாவலூர் மறையும். பாடல் பெற்ற தலம் என்னும் செய்தியை யாரேனும் முன்கூட்டியே அதனுள் சேர்த்து வைத்தாலன்றி, அதற்கு எப்படித் தெரியும்?

ஊர்ப்பெயரைவிடக் கோடுகளைச் சுருக்குவது நுட்பமானது. டக்ளஸ், பாய்க்கர் ஆகிய இருவரும் 1973இல் ஒரு வழி கூறினர். ஆற்றுக் கோட்டின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துக் கட்டியதாக எண்ணுங்கள். நூலுக்கு மிகத் தொலைவில் விலகி நிற்கும் வளைவு எதுவோ, அதை வைத்துக்கொள். அங்கிருந்து மீண்டும் நூலைக் கட்டு. குறித்த அளவுக்கு உட்பட்ட சிறு விலகல்களைத் தள்ளிவிடு என்பதே அவர்கள் முறை. பின்னர் 1993இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மகேசுவரி விசுவலிங்கமும் வயாட் என்பவரும் வேறொரு முறையை வெளியிட்டனர். அடுத்தடுத்த மூன்று புள்ளிகள் அமைக்கும் முக்கோணத்தின் பரப்பைக் கணித்து, மிகச் சிறிய முக்கோணத்தின் நடுப்புள்ளியை முதலில் நீக்குவது அது. கெடிலத்தை இவ்வாறு சுருக்கினால் சில நெளிவுகள் போகும். ஆற்றின் போக்கு மாறாது. இரண்டாவது முறையின் கோடே கண்ணுக்கு இயல்பாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கெடிலம் கடலூரில் கடலோடு கலக்கிறது. அங்கிருந்து அப்பால் கடற்படத்தின் ஆட்சி. நிலத்தில் செல்லுபடியாகும் இந்த முறைகளை அங்கே அப்படியே கையாண்டால் உயிருக்கே ஆபத்து. ஐந்து மீட்டர் ஆழத்தைக் குறிக்கும் கோட்டில் துருத்தி நிற்கும் சிறு வளைவு ஒரு மணல்திட்டாக இருக்கக்கூடும். அதை வெட்டி எறிந்தால் திட்டு கோட்டுக்கு வெளியே போய், ஆழமான நீர் போலத் தோற்றமளிக்கும். ஆதலால் கடற்படத்தில் ஆழக்கோட்டை ஆழமான பக்கம் நோக்கித் தள்ளலாமேயன்றிக் கரைப்பக்கம் தள்ளலாகாது. ஆழ எண்களைக் குறைக்கும்போதும், சுற்றுப்புறத்தில் மிகக் குறைந்த ஆழத்தைக் காட்டும் எண்ணே முதலில் இடம்பெறவேண்டும். நிலப்படம் சராசரியோடு சமாதானம் செய்துகொள்ளலாம். கடற்படம் செய்துகொள்ள முடியாது.

2014 நவம்பர் 29 அன்று, உலகைச் சுற்றும் பந்தயத்தில் கேப்டவுனிலிருந்து அபுதாபி நோக்கிச் சென்ற வெஸ்டாஸ் விண்ட் என்னும் பாய்மரப் படகு, மொரீசியசுக்கு வடக்கேயுள்ள பவளத்திட்டில் இரவில் மோதிச் சிதைந்தது. படகில் மின்னணுக் கடற்படம் இருந்தது. விரித்துப் பார்த்தால் திட்டு தெளிவாகத் தெரியும். சுருங்கிய நிலையிலோ அதன் அபாயம் புலப்படவில்லை. நல்லவேளையாக ஒன்பது பேரும் உயிர் தப்பினர்.

இன்று கையடக்கத் திரையில் படம் பார்த்தே பலர் கடலுக்குப் புறப்படுகிறார்கள். கடலூர்த் துறையிலாயினும் வேறெங்காயினும், கயிற்றை அவிழ்க்குமுன் போகும் வழி முழுவதையும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். கால்மணி நேரம் போதும்.