சுண்ணாம்புக்குள் இருந்த சுவிசேஷம்



பிரான்சு நாட்டில் விக் என்னும் சிற்றூரில் அர்ச். மார்த்தீனார் பங்குக்கோவில் இருக்கிறது. 1849-ஆம் ஆண்டு அதன் பங்குக்குரு, சுவரின் சுண்ணாம்புப் பூச்சுக்கடியில் வர்ணங்களைக் கண்டார். பூச்சை நீக்க நீக்க, 12-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் வெளிப்பட்டன. ஆண்டவர் எருசலேமுக்குள் பவனி வருகிறார். சீடரின் பாதங்களைக் கழுவுகிறார். யூதாஸ் அவரை முத்தமிடுகிறான். அருகில் வாழ்ந்த எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் அம்மையாரும் முயற்சி எடுத்துக்கொண்டார். 1850-இல் அரசு அக்கோவிலை வரலாற்றுச் சின்னமாக ஏற்றது.

அன்று வெள்ளையடித்தவர்களும் கோவிலைத் துப்புரவாக்கவே எண்ணியிருப்பார்கள். நம் எண்ணமும் நல்லதே. ஜூபிலிக்காக நாமும் கோவிலைப் புதுப்பிக்கிறோம். மட்டக்கோலையும் சுண்ணாம்பையும் எடுக்குமுன், முன்னோர் பக்தியோடு விட்டுச் சென்றவை எவையென்று சற்றே நின்று பார்ப்போமாக. புதுமை வேண்டும், அவர்கள் விசுவாசத்தின் சாட்சியை மூடிவிட வேண்டாம்.