பழைய கருவியும் புதிய கையும்



முகச்சவரம் செய்துகொள்வதற்கு இன்று எத்தனையோ எளிய வழிகள் உண்டு. மின்சாரப் பொறியை எடுத்து முகத்தில் ஓட்டினால் நீரும் வேண்டியதில்லை, சவர்க்காரமும் வேண்டியதில்லை. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். அவ்வாறிருந்தும், இருபது இருபத்தைந்து வயது இளைஞர் சிலர், தம் பாட்டனார் கையாண்ட ஒற்றை பிளேட் சவரக் கருவியைத் தேடி வாங்குகின்றனர். கிண்ணத்திலே சவர்க்காரத்தைக் குழைத்து, தூரிகையால் நுரை எழுப்பி, கால் மணி நேரம் கண்ணாடியின் முன் நிற்கின்றனர். வேறு சிலர் ஊற்றுப் பேனையில் மை நிரப்பி எழுதுகின்றனர். சாவி கொடுக்க வேண்டிய கைக்கடிகாரத்தை அணிகின்றனர். ஊசி வைத்து இசைத்தட்டுக் கேட்கின்றனர். இவர்களைக் காலத்துக்கு ஒவ்வாதவர் என்று நகைப்பாரும் உளர். பழமையின் காவலர் என்று புகழ்வாரும் உளர். இவ்விரு கூற்றுகளும் பொருந்துவனதாமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் அந்தச் சவரக் கருவியின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கரான கிங் காம்ப் ஜில்லெற் என்பவரின் நிறுவனம் 1903ஆம் ஆண்டில் அதனை விற்கத் தொடங்கிற்று. அவ்வாண்டில் விற்பனையானவை 51 கருவிகளும் 168 பிளேட்டுகளுமே. அடுத்த ஆண்டு, 1904இல், அதற்குக் காப்புரிமை கிடைத்தது. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அது இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அப்பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுசென்றனர். அதற்கு முன்னிருந்தது நீண்ட சவரக்கத்தி. அதனைத் தோற்பட்டையில் தீட்ட வேண்டும். பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தவறினால் காயம் உறுதி. தீட்டத் தேவையில்லாமல், மழுங்கியதும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேட்டை ஜில்லெற் கொண்டுவந்தபோது, அது அவசரக்காரரின் கருவியாகவே வந்தது. இன்று பழமை என்று போற்றப்படுவது, அன்று புதுமையிலும் புதுமை!

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. இவ்விளைஞர்கள் நாடுவது பழமையை மட்டுமன்று. பழமையே வேண்டுமாயின் இன்னும் பின்னே போகலாம். அதற்கு எல்லை ஏது? அவர்கள் நாடுவது வேறொன்று. அது யாதெனப் பார்ப்போம்.

1971இல் இரண்டு பிளேட்டுகள் பொருத்திய கருவி வந்தது, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. தலைப்பகுதி தானே வளைந்து கொடுக்கும். முகத்தோடு எந்தக் கோணத்திற் பொருந்த வேண்டும் என்பதைக் கருவியே பார்த்துக்கொள்ளும். கைக்கு மிஞ்சிய வேலை இழுப்பது ஒன்றுதான். ஒற்றை பிளேட் கருவியோ அப்படியன்று. ஏறக்குறைய முப்பது பாகைக் கோணத்தில் அதனைப் பிடிக்க வேண்டும். மயிர் எந்தத் திசையில் வளர்கிறது என்பதை விரலால் தடவி அறிய வேண்டும். வெந்நீரில் நனைத்து மயிரை மென்மையாக்க வேண்டும். அழுத்தவே கூடாது; கருவியின் பாரமே போதும். இவற்றை எந்தப் புத்தகமும் முழுமையாகக் கற்பிக்க முடியாது. சில கிழமைகள் தாடையில் சிறு கீறல்கள் பட்டுப்பட்டே கை கற்றுக்கொள்கிறது. கற்ற பின்னர், அதுவரை சுமையாக இருந்த ஒரு கடமை, தன் திறமையைத் தானே கண்டு மகிழும் ஒரு பொழுதாகிவிடுகிறது.

ஆகவே, முதலாவது காரணம் இதுதான்: கருவி தானே எல்லாவற்றையும் செய்துவிட்டால், மனிதனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஏதாவதொன்றைத் தன் கையால் நன்றாகச் செய்ய வேண்டும் என்ற ஆவல் மனித இயல்பிலேயே உள்ளது. அமெரிக்க அறிஞர் றிச்சர்ட் செனெற், 2008இல் வெளிவந்த தமது நூலொன்றில், ஒரு வேலையை அவ்வேலைக்காகவே செம்மையாகச் செய்யும் விருப்பமே கைவினைஞரின் அடையாளம் என்று விளக்குகிறார். அலுவலகத்திலே நாள் முழுதும் கணினித் திரையைப் பார்த்துப் பணியாற்றும் ஒருவருக்கு, மாலையில் தாம் செய்து முடித்தது இது என்று தொட்டுக் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. அத்தகையோர் மரம் செதுக்குவதையும் நூல் கட்டுவதையும் நாடுவதில் வியப்பென்ன?

இரண்டாவது காரணம் எல்லை. நீண்ட இசைத்தட்டு 1948இல் அறிமுகமாயிற்று. அதன் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். முடிந்ததும் எழுந்து சென்று மறுபக்கம் திருப்ப வேண்டும். இன்று கைத்தொலைபேசியில் கோடிக்கணக்கான பாடல்கள் முடிவின்றிக் கிடைக்கின்றன. எனினும் 2022ஆம் ஆண்டில், அமெரிக்காவில் விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கை, இறுவட்டுகளின் எண்ணிக்கையை விஞ்சிற்று. 1987க்குப் பின்னர் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. எல்லையற்ற விருந்திலே பசி தெரிவதில்லை. ஒரு தட்டைத் தெரிந்தெடுத்து வைத்தவர், அதனைக் கேட்கவே அமர்கிறார்.

கைக்கடிகாரத்தின் கதையும் இத்தகையதே. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி, யப்பானிய சீக்கோ நிறுவனம் முதலாவது குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. துல்லியத்தில் அதற்கு நிகராகச் சக்கரமும் சுருள்வில்லும் கொண்ட கடிகாரம் நிற்க முடியாது. பின்வந்த பதினைந்து ஆண்டுகளில் சுவிற்சர்லாந்தின் கடிகாரத் தொழிலாளர் தொகை ஏறத்தாழ மூன்றிலொன்றாகச் சுருங்கிற்று. அத்தொழில் அழிந்தது என்றே பலர் கருதினர். ஆனால் இன்று அந்நாட்டின் கடிகார ஏற்றுமதிப் பெறுமதியில் பெரும்பகுதியைத் தருவன சுருள்விற் கடிகாரங்களே. நேரம் அறிவதற்கு அவை தேவையில்லை என்ற நிலை வந்த பின்னரே, அவற்றின் வேலைப்பாடு மனிதர் கண்ணுக்கு முழுமையாகத் தெரிந்தது போலும்! பழுதுபட்டாற் பிரித்துத் திருத்தலாம், மகனுக்குக் கொடுக்கலாம் என்பதும் ஒரு காரணம். எறிவதற்கென்றே செய்யப்படும் பொருள்களிடையே, திருத்தக்கூடிய பொருள் ஒரு துணைவனைப் போல் ஆகிவிடுகிறது.

இவ்விடத்தில் நம் நாட்டவர் ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமாகும். 1877இல் கொழும்பிலே பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது. நீராவியாலும் மின்சாரத்தாலும் இயங்கும் அச்சுப்பொறிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான தாள்களைத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. எனினும் அந்நூல் இங்கிலாந்தின் பிராட் கம்டன் என்னும் சிற்றூரில், கையால் இயக்கும் அச்சுப்பொறியில் அச்சிடப்பட்டது. ஆங்கிலக் கவிஞரும் கைவினைப் பற்றாளருமான வில்லியம் மொறிஸ், சோசரின் கவிதைகளை அச்சிடப் பயன்படுத்திய அதே பொறிதான் அது. 425 பிரதிகளை அச்சிட்டு முடிக்கப் பதினைந்து மாதங்கள் சென்றன. நம் கைவினைஞரின் உழைப்பைப் பற்றிய நூல், தானே ஒரு கைவினையாக அமைய வேண்டும் என்று அவர் கருதினார். இது காலத்துக்கு அஞ்சி ஓடிய செயலா? அன்று. எதை விரைவாகச் செய்யலாம், எதை விரைவாகச் செய்யலாகாது என்று தெரிந்து தேர்ந்த செயல்.

தேர்ந்த செயல் என்று சொன்னேன். இச்சொல்லிலேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஏனெனில் பழமையைப் போற்றும்போது நாம் மறந்துவிடும் ஒரு பக்கம் உண்டு.

நம் ஊர்களிலே எண்ணெய் முழுக்கு என்பது இன்றும் பலர் ஏங்கும் இன்பம். புதனும் சனியும் ஆண்களுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு என நாள் வகுத்து, நல்லெண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, அரப்பு வைத்து முழுகுவர். அந்த மணமும், பின்வரும் பசியும், உடல் இலேசாகும் உணர்வும் மறக்கக்கூடியன அல்ல. ஆயினும் முழுகியவர் ஒருவர். விடியுமுன் எழுந்து அரப்பு அவித்து அரைத்தவர் வேறொருவர். அம்மியும் உரலும் சுவைமிக்க உணவைத் தந்தன என்று கூறும் நாம், அவற்றின் முன் தேய்ந்த கைகளை எண்ணுவதில்லை. மா அரைக்கும் இயந்திரம் ஊருக்கு வந்த நாளில் அக்கைகள் பெற்ற ஓய்வைப் பழமையின் பெயரால் பறிக்க யாருக்கு உரிமை உண்டு?

சவரமும் அவ்வாறே. வட பகுதியில் நாவிதர் தொழில் நெடுங்காலம் குடிமைத் தொழிலாக இருந்தது. பிறப்பினாலே அத்தொழில் ஒருவர்மேற் சுமத்தப்பட்டது. விடுவதற்கும் மறுப்பதற்கும் அவருக்கு உரிமை அரிது. ஒடுக்கப்பட்ட சாதியார்க்கோ அந்தச் சவரக் கதிரையில் அமரவும் இடம் மறுக்கப்பட்டது. சாதியின் பெயரால் பொதுவிடங்களில் இத்தகைய தடை விதிப்பதைக் குற்றமாக்க 1957இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஆகவே, அக்காலச் சவரத்தின் அமைதியையும் நுரையின் மணத்தையும் மட்டும் நினைந்து, 'அந்தக் காலம் பொற்காலம்' என்று நாம் பெருமூச்சு விடலாகாது. அக்காலத்தின் கருவியை எடுத்துக்கொள்ளலாம். அதன் கட்டாயத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்பொழுது நாம் தொடங்கிய வினாவுக்கு விடை கூறலாம். கட்டாயம் நீங்கிய இடத்திலேதான் பழைய வேலை பொழுதுபோக்காக மலர்கிறது. நெல் குற்றியே தீரவேண்டிய பெண்ணுக்கு உலக்கை பாரம். வேண்டுமானாற் குற்றலாம் என்ற நிலையிலுள்ளவளுக்கு அது விளையாட்டு. புதிய பொறிகள் வந்ததனாலேயே பழைய கருவிகள் இனிக்கின்றன. ஆதலால் இவ்விளைஞர்கள் புதுமையின் பகைவரல்லர். புதுமை தந்த ஓய்வைத் தம் கைகளைப் பழக்குவதிற் செலவிடுபவர்கள்.

இதற்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பத்துப் பேனைகளை வாங்கி அடுக்கி ஒரு கடிதமும் எழுதாதவரும், ஐந்து தூரிகைகளை அலங்காரமாக வைத்திருப்பவரும் உளர். அவர்கள் பெற்றது பொருள்; பயிற்சியன்று. கடையில் வாங்கக் கிடைப்பது கருவி மட்டுமே. கால் மணி நேரத்தையும் பொறுமையையும் எந்தக் கடையும் விற்பதில்லை. ஒரு பழம்பொருள் மெய்யாகவே நமக்குப் பயன்படுகிறதா என்று அறிய எளிய வழியுண்டு: அதனால் நம் கை எதைக் கற்றது, அதற்காக வேறு எவர் கை வருந்துகிறது என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். முதற் கேள்விக்கு விடையும், இரண்டாவதற்கு 'எவருமில்லை' என்ற பதிலும் கிடைக்குமாயின், அப்பழக்கம் நல்லதே.

நேயர்களே, கொழும்பிலிருந்து முறையான ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. படமும் பாட்டும் விரல்நுனியில் வந்து நிற்கும் இக்காலத்தில், குறித்த நேரத்துக்குக் காத்திருந்து, காட்சியேதுமின்றி ஒரு குரலை மட்டும் செவிமடுக்கும் பழக்கமும் பழையதுதான். உங்களை எவரும் கட்டாயப்படுத்தவில்லை; நீங்களே தேர்ந்து அமர்ந்தீர்கள். பழையவற்றை நாடுவோரின் மனத்தை அறிய, உங்களுக்கு இதைவிட அண்மையான சான்று வேண்டுமா?