கப்பல் பார்க்கக் கடலுக்குள்



யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு ஓடும் 776ஆம் இலக்க பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பண்ணைப் பாலம், மண்கும்பான், வேலணை எல்லாம் தாண்டியதும் இருபக்கமும் கடல் கிடக்க, நீண்ட தாம்போதி ஒன்று வரும். அது முடிந்து புங்குடுதீவுத் தரையில் பஸ் ஏறுகிற இடம்தான் மடத்துவெளி. தாம்போதியின் இருபுறமும் சிறகுவலைத் தடிகள் வரிசையாக நிற்கும். வலை பார்க்கப் போகிறவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்தே போவார்.

கனடாவிலும் சுவிஸிலுமிருந்து இந்தத் தீவுகளுக்கு விடுமுறைக்கு வரும் எங்கள் பிள்ளைகள் சிலர் இப்போது கையில் சுழியோடும் சான்றிதழோடு வருகிறார்கள். “இந்தப் பக்கம் மூழ்கின கப்பல் ஏதும் இருக்கா?” என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

கப்பல்கள் உடைந்த கடல்தான் இது. குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போனால் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டைப் பார்க்கலாம். 12ஆம் நூற்றாண்டுக்குரியது. ஊர்காவற்றுறைக்கு வரும் பிறதேசத்தாரைக் காக்க வேண்டும் என்கிற அந்தக் கல்வெட்டு, உடைந்த கப்பலின் சரக்கு யாருக்கு என்பதற்கும் கணக்குச் சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசனுக்கு, மிச்சம் உரியவருக்கு. மற்றச் சரக்கென்றால் சரிபாதி. படைக்கு வேண்டியதைக் கொண்டு வருகிறவனுக்கு அரசன் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறான் போலும்.

ஆனால் புதிதாகச் சுழியோடுகிறவருக்கு இந்தக் கடலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆழம் குறைவு, அடியில் மணலும் சேறும். காற்று எழும்பினால் தண்ணீர் கலங்கிவிடும். நீட்டிய கை தெரியாத தண்ணீரில் கப்பலைத் தேடி என்ன பயன்? 2021இல் நெடுந்தீவுக் கடலில் பழைய பஸ்களை இறக்கினார்கள், மீன் சேரட்டும் என்று. இராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் அதை எதிர்த்துக் குரல் எழுப்பியதும் நினைவிருக்கும். அவை மீனுக்குப் போட்டவை. உல்லாசப் பயணிக்கு அல்ல.

ஆகவே யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, திருகோணமலை பஸ் எடுங்கள். அங்கே நிலாவெளிக்கு வடக்கே இருக்கிறது இறக்கக்கண்டி. கரைக்குக் கிட்ட, சுமார் 10 மீற்றர் ஆழத்தில் ஒரு கப்பல் கிடக்கிறது. பெயர் பெற்ற கப்பல் அல்ல. முதல் கப்பலாகப் பார்க்க அதைவிடத் தோதானது வேண்டியதில்லை.

ஏன் ஆழம் குறைந்ததைச் சொல்கிறேன்? சிலிண்டரில் இருப்பது அழுத்தி நிரப்பிய காற்று. 10 மீற்றரில் அது மேற்பரப்பைவிட இரண்டு மடங்கு வேகத்தில் தீரும். 30 மீற்றரில் நாலு மடங்கு. ஒரே சிலிண்டர், ஒரே காசு, ஆழம் குறைந்த கப்பலில் இருமடங்கு நேரம். காசுக்கும் இதுவே மலிவு. முதல்நிலைச் சான்றிதழ்க்காரருக்கு எல்லை 18 மீற்றர் என்பதையும் மறக்க வேண்டாம்.

தெற்கே பாசிக்குடாவுக்கு அப்பால் ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. 25 மீற்றர் அளவில் கிடக்கிறது. அடுத்த நிலைப் பயிற்சி முடித்தபின் போகலாம். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது ‘ஹேர்மிஸ்’. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் அது. 307 பேர் மாண்டார்கள். புகழைக் கேட்டு எல்லாரும் அங்கேதான் போக ஆசைப்படுகிறார்கள். அது 50 மீற்றருக்கும் கீழே. புதியவருக்கு அங்கே வேலையே இல்லை.

கிழக்குக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை தெளிவு. நத்தாருக்கு வருகிறவர்கள் தெற்குக் கரைக்குத்தான் போக வேண்டும். ஹிக்கடுவைக்குக் கிட்ட அக்குரலையில் 1903இல் மூழ்கிய ‘கொன்ச்’ என்ற எண்ணெய்க் கப்பலின் துண்டுகள் உண்டு.

விலை பேசும்போது உபகரண வாடகை சேர்ந்ததா, படகில் எத்தனை பேர், வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். படகுச் செலவு பங்கு பிரிந்தால் காசு மிச்சம். வழிகாட்டியைப் பங்கு போடுவதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. இறங்குமுன் வாய்க்குழாயில் நாலைந்து தரம் மூச்சிழுத்து அழுத்தமானி முள்ளைப் பாருங்கள். இழுக்க இழுக்க முள் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. காற்றில் எண்ணெய் மணத்தால் அந்தச் சிலிண்டரே வேண்டாம். கப்பலுக்குள் நுழையாதீர்கள், அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. ஒரு ஆணியைக்கூட எடுத்து வராதீர்கள்.

எந்தக் கப்பல் என்று கேட்குமுன் எத்தனை மீற்றர் என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் சொல்லாத இடத்தில் காசு கட்டாதீர்கள்.