மனப்பாடம் வேறு, வாசிப்பு வேறு

(நம் குடியிருப்பின் வாசிப்பு அறை தொடக்க நாளன்று, ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியையான நம் சங்க உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

10 நிமிடம் பேசச் சொன்னார்கள். 31 வருடம் பேசியே சம்பளம் வாங்கியவளுக்கு 10 நிமிடம் என்றால் கஷ்டம்தான். பார்க்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தமிழ்ப் பாடத்தை நிறுத்தாமல் படிப்பாள். குரலில் ஏற்ற இறக்கம்கூடக் கச்சிதமாக இருக்கும். அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தால் அவளைத்தான் எழுப்பிவிடுவேன். ஒருநாள் அவள் படித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னல் காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. அவள் கவனிக்கவில்லை. விரல் ஒரு பாட்டின் மேல் ஓடுகிறது, வாய் முந்தைய பாடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டே போகிறது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்தக் கதையில் வந்த நாலு சொற்களையே கரும்பலகையில் இடம் மாற்றி எழுதிப் படிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், இது எந்தப் பாடம்?" என்று கேட்டாள்.

அந்தக் குழந்தை மேல் ஒரு குறையும் இல்லை. அவள் முறை வருவதற்குள் எப்போதும் இரண்டு பேர் சத்தமாகப் படித்திருப்பார்கள். காதில் வாங்கியதை அப்படியே திருப்பித் தந்தாள். வாசிப்பு என்று நினைத்து மதிப்பெண் போட்டவள் நான். அப்புறம் தினமும் மதிய உணவு முடிந்ததும் கால் மணி நேரம் அவளோடு உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்பு முடிக்கிறபோது செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். ஆனாலும் போன இரண்டு வருடம் போனதுதான்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நம் பிளாட்டுகளிலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோருக்குத் தெரியாது. இன்று வீட்டுக்குப் போய் ஒரு சோதனை செய்யுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம். மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எது கிடைக்கிறதோ அது. நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து "இது என்ன கண்ணு?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை ஊகித்துச் சொல்லப் பழகிவிடும்.

தமிழில் 247 எழுத்து, பிள்ளை பாவம் என்று லிஃப்டில் ஓர் அம்மா சொன்னார்கள். 247ஐயும் யாரும் தனித்தனியாகக் கற்பதில்லை. உயிர் 12, மெய் 18. மீதியெல்லாம் இவற்றின் சேர்க்கை, ஆய்தம் ஒன்று தவிர. துணைக்கால் போட்டால் நீளும் என்று ஓர் எழுத்தில் பிடிபட்டால் எல்லா எழுத்துக்கும் அதுதான். 1978க்கு முன் படித்த நமக்கு லை, னை எல்லாம் தும்பிக்கையோடு வேறு உருவத்தில் இருந்தன. அந்த வருடச் சீர்திருத்த ஆணை அதை எளிதாக்கிவிட்டது. கு, சு, டு, து வரிசைதான் இன்னும் ஆளுக்கொரு வாலோடு நிற்கிறது. அதற்குப் பழக்கம்தான் வழி.

உண்மையான சிக்கல் கொம்பில் இருக்கிறது. 'கொடி' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது க். எழுதும்போது முதலில் வருவது கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். வாய் போகிற வரிசை வேறு, கை போகிற வரிசை வேறு. பிள்ளை அங்கே தடுமாறினால் அது மந்தம் இல்லை, சரியாகக் கேட்கிறது என்று அர்த்தம். 'வௌவால்' இன்னும் மோசம். வெ, ள, வால் என்று படிக்காத ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. பெரியவர்களே அப்படித்தான் டைப் அடிக்கிறார்கள், நம் வாட்ஸ்அப் குரூப்பில் கௌரி மாமி பெயர் படுகிற பாட்டைப் பாருங்கள்.

அடுத்தது, கடல், பகல், தங்கம். மூன்றிலும் ஒரே க, மூன்று ஒலி. காதில் தமிழ் நிறைய விழுந்த பிள்ளை, யாரும் சொல்லித் தராமலே 'தங்கம்' என்று சரியாகச் சொல்லும். காதில் விழாத பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிவிட்டு, கூட்டி வந்தது என்ன சொல் என்று தெரியாமல் நிற்கும்.

இதைவிடப் பெரிய சுவர் ஒன்று உண்டு. வீட்டில் "மழை பெய்யுது, துணி காயல" என்று பேசுகிறோம். புத்தகத்தில் "மழை பெய்கிறது, துணி காயவில்லை" என்று இருக்கிறது. வீட்டில் நல்ல தமிழே பேசுகிற பிள்ளைக்கும் இது பாதி வேற்று மொழி. என் ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் 'இருக்கிறது' என்று அழகாக எழுத்துக்கூட்டி முடித்துவிட்டு, அப்படியென்றால் என்ன என்று கேட்டான். "இருக்குடா" என்றேன். "அதை அப்படியே எழுதலாம்ல டீச்சர்" என்றான். நியாயமான கேள்வி. பதில் இல்லாமல் சிரித்துவைத்தேன்.

அந்தச் சுவரைத் தாண்ட எனக்குத் தெரிந்து ஒரே வழி, பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கும் முன்பே புத்தகத் தமிழைக் கதையாகக் காதால் கேட்டிருக்க வேண்டும். யாராவது மடியில் உட்காரவைத்து, புத்தகத்தைப் பார்த்து, வரிக்கு வரி வாசித்துக் காட்ட வேண்டும். வாயால் கதை சொல்வதும் நல்லதுதான், ஆனால் அதில் பேச்சுத் தமிழ்தான் வரும். தெலுங்கோ மலையாளமோ இந்தியோ பேசுகிற வீட்டார் உங்கள் மொழியிலேயே வாசியுங்கள். மெய்யோடு உயிர்க்குறி சேர்கிற கணக்கு அந்த எழுத்துகளிலும் உண்டு. ஒன்றில் பிடிபட்டது இன்னொன்றுக்கு உதவும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் நடந்தபோது, பெரியவர்களுக்கு அ, ஆ என்று தொடங்கவில்லை. 'பட்டா', 'படி' என்று தொடங்கினார்கள். நிலம் இல்லாதவருக்குப் பட்டா என்ற சொல் எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள். ட, ப இரண்டும் வெறும் நேர்கோடுகள், கைக்கும் சுலபம். நம் பிள்ளைக்குப் பட்டா வேண்டாம், அதன் பெயரும் அதன் நண்பன் பெயரும் போதும்.

இனி இந்த அறை. கையெழுத்துப் போட்டியும் ஒப்பித்தல் போட்டியும் வைக்கலாம் என்று கமிட்டியில் ஒரு யோசனை. வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வயதுவாரியாகவும் பிரிக்க வேண்டாம். நான் ஓய்வுபெற்ற பிறகு, 2022இல், அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலையை வைத்துக் குழுவாக்கினார்கள். நாமும் அப்படியே உட்காரவைப்போம். ஏழாம் வகுப்புப் பையன் அரும்பில் உட்கார்ந்தால் யாரும் சிரிக்கக் கூடாது, அதை மட்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சிலருக்குப் பிடிக்காது. 'குடியிருப்போர் பிள்ளைகளுக்கு மட்டும்' என்று விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது. நம் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஊழியர்கள், வாசலில் இஸ்திரி போடுகிறவர், இவர்கள் பிள்ளைகளும் வர வேண்டும் என்பது என் கட்சி. தர்மத்துக்காகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் தமிழ் நிறைய இருக்கிறது, வீட்டில் புத்தகம் இல்லை. நம் பிள்ளைகளிடம் அலமாரி நிறையப் புத்தகம், தமிழ் குறைவு. இஸ்திரிக்காரர் மகள் நாலாம் வகுப்பு. போன மாதம் வேப்பமரத்தடியில் என் பேரனுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டினாள். அவன் அரை மணி நேரம் போன் கேட்கவில்லை. என்னால் அது முடிந்ததில்லை.

பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு: கேட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வரட்டும், அறையில் நான் இருப்பேன். அடுத்த பொதுக்குழுவில் அந்த வரியை எடுக்கத் தீர்மானம் கொண்டுவருகிறேன். எதிர்ப்பவர்கள் குரூப்பில் எழுதாமல் நேரில் வந்து பேசுங்கள், காபி தருகிறேன்.

சனிக்கிழமை மாலை 4.30க்குத் தொடங்குகிறோம். வாசித்துக் காட்ட ஆள் வேண்டும், ஆளுக்கு அரை மணி நேரம். பரணில் பழைய அம்புலிமாமா, கோகுலம் இருந்தால் தூசி தட்டிக் கொண்டு வாருங்கள். தாத்தா பாட்டிமார் மறக்காமல் படிக்கிற கண்ணாடியோடு வரவும். போன முறை மூன்று பேர் தூரப் பார்வைக் கண்ணாடியோடு வந்துவிட்டார்கள்.