மூன்று பாட்டு போக மீதி



போன கூட்டத்தில் கர்நாடக இசை. இன்று கொஞ்சம் தூரம் போகிறோம், வேல்ஸுக்கு.

‘மேன்’ என்று ஒரு ராக் குழு. மேடையில் பாட்டை அப்படியே வாசிக்க மாட்டார்கள். கிட்டார் ஒரு வழியில் இழுத்துக்கொண்டு போகும், மற்றவர்கள் பின்னாலேயே போவார்கள். 1972 ஏப்ரல் 8 அன்று, கார்டிஃப் பக்கத்துக் கடலோர ஊரான பெனார்த்தில், பேஜெட் ரூம்ஸ் என்ற அரங்கில் வாசித்தார்கள். அது மலிவு விலையில் இசைத்தட்டாக வந்தது. ஆனால் அதில் இருந்தது மூன்றே பாட்டு! தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குமேல் கொள்வது கஷ்டம். ‘எச். சாமுவேல்’ மட்டுமே ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டது.

2007-ல் எசோடெரிக் நிறுவனம் இரண்டு சிடியாக விரித்து வெளியிட்டது. வங்கியில் நான் பாஸ்புக்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்லை, லெட்ஜரைத் திறப்பேன். இதுவும் அப்படித்தான். சில இடங்களில் இழுவை இருக்கிறது, மறைப்பானேன்? ஆனால் மிக்கி ஜோன்ஸ், டீக் லெனார்ட் இருவரின் கிட்டாரும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு போவது நீளமாகக் கேட்டால்தான் பிடிபடும். இருவருமே இன்று இல்லை. டிரம்ஸ் வாசித்த டெரி வில்லியம்ஸ்தான் பிற்பாடு டயர் ஸ்ட்ரெய்ட்ஸில் வாசித்தவர்.

பழைய மூன்று பாட்டையும் முதலில் கேளுங்கள். மீதியை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ‘எச். சாமுவேல்’ போடுகிறேன், கதவை மட்டும் யாராவது சாத்திவிடுங்கள்.