நதிநீரும் அயலுறவுக் கொள்கையும்: சிந்து ஒப்பந்தம் தரும் படிப்பினை

(அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் பயங்கரவாதிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இக்கொடுஞ்செயல் எவ்விதத் தயக்கமுமின்றிக் கண்டிக்கத்தக்கது. அதனை நிகழ்த்தியவர்களும் பின்னிருந்து இயக்கியவர்களும் தண்டிக்கப்பட வேண்டும். இதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால், மறுநாள் ஒன்றிய அரசு அறிவித்த முடிவுகளில் ஒன்று தனியே ஆராயத்தக்கது: 1960ஆம் ஆண்டின் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை நிறுத்தி வைக்கும் முடிவு. ரத்தமும் நீரும் சேர்ந்து ஓட முடியாது என்பது பிரதமரின் முழக்கம். இம்முழக்கம் யாரைத் தண்டிக்கிறது, இந்திய மக்களுக்கு எதைத் தருகிறது என்பனவே இங்கு எழும் கேள்விகள்.

ஒப்பந்தம் உருவான வரலாறு

பஞ்சாபின் கால்வாய்கள் காலனி ஆட்சியில் ஒரே பாசன அமைப்பாகக் கட்டப்பட்டவை. 1947இல் வரையப்பட்ட எல்லைக்கோடு அதனை இரண்டாகப் பிளந்தது. முக்கியமான தலைமதகுகள் இந்தியப் பக்கமும், அவற்றை நம்பிய வயல்கள் பாகிஸ்தான் பக்கமும் அமைந்தன. 1948 ஏப்ரல் 1 அன்று கிழக்குப் பஞ்சாப் அரசு தண்ணீரை நிறுத்தியது. மே 4இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாடு அந்த நெருக்கடியைத் தணித்தது.

பின்னர் உலக வங்கியின் முயற்சியில் பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. உலக வங்கி இதில் அறத்தின் பொருட்டு இறங்கிவிடவில்லை. பனிப்போர்க் காலத்து மேற்கத்திய நலன்கள் அதன் பின்னே இருந்தன. எனினும், 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் ஒப்பமிட்ட அந்த ஒப்பந்தம் இரு நாட்டு உழவர்களுக்கும் பயன் தந்தது. ராவி, பியாஸ், சட்லஜ் ஆகிய கிழக்கு ஆறுகள் இந்தியாவுக்கும், சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மேற்கு ஆறுகள் பாகிஸ்தானுக்கும் ஒதுக்கப்பட்டன. மேற்கு ஆறுகளில் வரம்புக்குட்பட்ட பாசனத்துக்கும், நீரோட்டத்தைக் கொண்டு மின்சாரம் எடுப்பதற்கும் இந்தியாவுக்கு உரிமை உண்டு.

1965, 1971, 1999 ஆகிய மூன்று போர்களையும் இந்த ஒப்பந்தம் கடந்து நின்றது. பக்லிஹார் அணை குறித்த தகராறை நடுநிலை நிபுணர் 2007இல் தீர்த்து வைத்தார். கிஷன்கங்கா வழக்கில் 2013இல் தீர்ப்பளித்த நடுவர் நீதிமன்றம், நீரைத் திருப்பி மின்சாரம் எடுக்கும் இந்தியாவின் உரிமையை ஏற்றது. ஆற்றில் குறைந்தபட்ச நீர் விடப்பட வேண்டும் என்றும் கூறியது. சண்டைக்குச் செல்லாமல் உரிமையை நிலைநாட்ட முடியும் என்பதற்கு இவையே சான்று.

நிறுத்தி வைப்பதால் யாருக்குப் பயன்?

ஒரு தரப்பு தன்னிச்சையாக விலகிக்கொள்ள இவ்வொப்பந்தத்தில் வழியில்லை. இரு அரசுகளும் இசைந்து வேறொரு ஒப்பந்தம் செய்யும் வரை இது நடைமுறையில் இருக்கும் என்பதே அதன் 12ஆவது பிரிவு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஆறு என்பது குழாய் அன்று, திருகி நிறுத்துவதற்கு. மேற்கு ஆறுகளில் இந்தியா கட்டியுள்ள சலால், பக்லிஹார் போன்ற மின்திட்டங்கள் பெருமளவு நீரைத் தேக்கும் திறனற்றவை. கோடையில் பனி உருகிப் பெருகும் வெள்ளத்தைத் தடுக்கப் பேரணைகள் வேண்டும். அவற்றை நிலநடுக்க அபாயமுள்ள இமயமலைச் சரிவுகளில் கட்ட நெடுங்காலம் பிடிக்கும்.

உடனடியாகச் செய்யக்கூடியவை இரண்டே: நீரளவுத் தகவல்களை மறைப்பது, விதைப்புக் காலத்தில் நீர் விடும் நேரத்தைக் குலைப்பது. இவற்றால் துன்புறுவோர் ராவல்பிண்டியின் தளபதிகளோ பயங்கரவாதிகளோ அல்லர். பஞ்சாபின் குத்தகை விவசாயியும், கடைமடையில் கிடக்கும் சிந்து மாகாணத்து உழவனும்தான்.

மேலும் ஒன்று. அதே ஏப்ரலில் சிந்து மாகாண மக்கள் தங்கள் அரசையே எதிர்த்துத் தெருவில் நின்றனர். ராணுவத்தின் ஆதரவுடன், கார்ப்பரேட் பண்ணைகளுக்காகச் சோலிஸ்தான் பாலைவனத்துக்குக் கால்வாய் வெட்டும் திட்டத்தை அவர்கள் மறித்தனர். அம்மாத இறுதியில் அத்திட்டம் கிடப்பில் போடப்பட்டது. தண்ணீருக்காகத் தன் ஆளும் வர்க்கத்தோடு மோதும் மக்களுக்கு, டெல்லியைப் பகைவனாகக் காட்டும் வாய்ப்பை இந்திய அரசே இஸ்லாமாபாத்துக்கு வழங்கிவிட்டது.

ஒப்பந்தம் குறையற்றதன்று. தங்கள் நீரைப் பயன்படுத்தும் உரிமை சுருக்கப்பட்டதாக ஜம்மு காஷ்மீர் மக்களுக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. 2002இல் அம்மாநிலச் சட்டமன்றம் மறுஆய்வு கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. பருவநிலை மாற்றமும் பனிப்பாறைகளின் உருகலும் 1960இல் கருதப்படாதவை. இவற்றுக்காகத் திருத்தம் தேவை. அதற்கான வழி பேச்சுவார்த்தையே.

மேல்மடையும் கீழ்மடையும்

சிந்துவும் சட்லஜும் பிரம்மபுத்திராவும் திபெத்தில் தோன்றுகின்றன. அங்கே இந்தியா கீழ்மடை நாடு. பிரம்மபுத்திராவின் மேற்பகுதியில் மாபெரும் நீர்மின் திட்டத்தின் கட்டுமானத்தைச் சீனா 2025 ஜூலையில் தொடங்கியது. தகவல் பகிர்வையும் கீழ்மடை உரிமையையும் சீனாவிடம் கோர வேண்டிய நாடு, பாகிஸ்தானிடம் அவற்றை மறுத்தால் அதன் கோரிக்கைக்கு என்ன வலிமை இருக்கும்? பன்னாட்டு நீர்வழிகள் குறித்த 1997ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை மீதான வாக்கெடுப்பில் சீனா எதிர்த்து வாக்களித்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் விலகி நின்றன. மேல்மடையில் நிற்கும்போது ஒரு நியாயம், கீழ்மடையில் நிற்கும்போது வேறு நியாயம் என்பது ஆளும் வர்க்கங்களின் வழக்கம்.

மாற்று வழியும் இந்நாட்டில் நடந்து காட்டப்பட்டதுதான். ஃபராக்கா அணை 1975இல் செயல்படத் தொடங்கியதிலிருந்து வங்கதேசத்துடன் நீடித்த தகராறு, 1996 டிசம்பர் 12 அன்று கையெழுத்தான கங்கை நீர் ஒப்பந்தத்தால் தணிந்தது. மேற்கு வங்கத்தின் இடது முன்னணி அரசும் முதல்வர் ஜோதிபாசுவும் அதில் ஆற்றிய பங்கு அனைவரும் அறிந்தது. 30 ஆண்டுகளுக்கான அந்த ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பருடன் முடிகிறது. தீஸ்தா உடன்பாடோ 2011 முதல் நிறைவேறாமல் கிடக்கிறது. சிந்துவில் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்த அரசை டாக்கா எந்த நம்பிக்கையோடு அணுகும்?

இன்றைய கடமை

பயங்கரவாதத்தை எதிர்த்த உறுதியான நடவடிக்கை, சிந்து ஒப்பந்தத்தை மீண்டும் நடைமுறைப்படுத்தல், நிரந்தர சிந்து ஆணையத்தைக் கூட்டல், காஷ்மீர் மக்களின் கருத்தைக் கேட்டுத் திருத்தங்களுக்கான பேச்சைத் தொடங்கல், கங்கை ஒப்பந்தத்தைக் காலத்தே புதுப்பித்தல், சீனாவுடன் முழுமையான நீர்த்தகவல் உடன்பாடு காணல் ஆகியவை ஒன்றோடொன்று இணைந்த கோரிக்கைகள். இவற்றை விவசாயிகள் சங்கத்தின் கிளைகள் வரை கொண்டுசெல்ல வேண்டும். போர்வெறி பரப்பப்படும் வேளையில் இதனைப் பேசுவோருக்குத் தேசத்துரோகப் பட்டம் சூட்டப்படலாம். அதற்கு அஞ்சி வாய்மூடினால், எல்லையின் இருபுறமும் உழுபவனின் தண்ணீர் ஆளும் வர்க்கங்களின் பகடைக்காயாகவே இருக்கும்.